முட்டியில் பெயர்ந்த குருத்தெலும்பும் மைக்ரோ ஆர்.என்.ஏ. ஊசியும்

குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் தம்பிக்கு வயது 24. இரண்டு வாரத்துக்கு முன் கபடி ஆடும்போது முட்டி திரும்பிவிட்டது. தொடை எலும்பின் உள்பக்க முனையில் குருத்தெலும்பு சுமார் 2 சதுர சென்டிமீட்டர் அளவுக்குப் பெயர்ந்திருப்பதாக எம்.ஆர்.ஐ. அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். அறுவை சிகிச்சை வேண்டாம், மைக்ரோ ஆர்.என்.ஏ. உள்ள எக்ஸோசோம் ஊசி மூன்று தவணை போட்டால் குருத்தெலும்பு புதிதாக வளர்ந்துவிடும் என்று ஒரு கிளினிக்கில் சொல்கிறார்கள். செலவு லட்சக்கணக்கில் ஆகும். நிலத்தை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. இது உண்மையான மருத்துவம்தானா ஐயா? இப்போது இல்லையென்றால், சில ஆண்டுகள் பொறுத்திருந்தால் வந்துவிடுமா?"

நிலத்தை அடகு வைக்காதீர்கள். மற்றவற்றைப் பொறுமையாக விளக்குகிறேன். ஆனால் வீட்டில் அந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது இதை முதலில் சொல்லிவிடுவது என் கடமை. செல்லுக்குள் புரதம் உண்டாவதைக் கட்டுப்படுத்தும் சிறு துணுக்கான மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது கட்டுக்கதை அல்ல. 2024ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அதைக் கண்டுபிடித்தவர்களுக்குத்தான் வழங்கப்பட்டது. குருத்தெலும்பின் நலத்தில் அதற்குள்ள பங்கும் சோதனைகளில் உறுதிப்பட்டிருக்கிறது. ஆனால் அதை மருந்தாக்கி, மனித முழங்காலில் செலுத்தி, பெயர்ந்த இடத்தில் குருத்தெலும்பை வளர்த்துக் காட்டிய மருத்துவம் இன்று உலகில் எங்கும் புழக்கத்தில் இல்லை. முழங்காலுக்கு மட்டுமல்ல, வேறு எந்த நோய்க்கும்கூட மைக்ரோ ஆர்.என்.ஏ.வை அடிப்படையாகக் கொண்ட மருந்து எதுவும் இதுவரை விற்பனைக்கு அனுமதி பெறவில்லை. வேலூரில் முப்பது ஆண்டுகள் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் கற்பித்தவன் என்ற முறையில், இந்தத் துறையின் மீது எனக்குப் பெரிய நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையைக் காட்டி உங்களைப் போன்ற குடும்பத்திடம் இன்றைக்கே பணம் கேட்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் பக்கத்தில் முட்டியில் எது கெட்டாலும் "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்றே சொல்கிறோம். எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் தசைநாரும் ஜவ்வுதான். இரண்டு எலும்புகளுக்கும் இடையில் பிறை வடிவில் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸும் ஜவ்வுதான். ஆனால் உங்கள் தம்பியின் அறிக்கையில் இருப்பது மூன்றாவது ஒன்று. எலும்பு முனையின் மேல் வழுவழுப்பாகப் படிந்திருக்கும் மூட்டுக் குருத்தெலும்பு அது. கறிக்கடையில் ஆட்டுக்கால் வாங்கும்போது முட்டிப் பகுதியைப் பிளந்து பார்த்திருப்பீர்கள்: எலும்பின் நுனியில் இளநீல வெண்மையில், பீங்கான்போல் பளபளத்து, விரல் வைத்தால் வழுக்கும் ஒரு படலம் இருக்கும். நகத்தால் அழுத்தினால் சற்றே அமுங்கி மீண்டும் எழும். மனித முழங்காலிலும் அதே பொருள்தான் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனில் இருக்கிறது. முட்டிச் சில்லின் பின்புறத்தில் இதைவிடவும் கனமாக இருக்கும்.

அந்தப் படலத்தில் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பு கிடையாது, நிணநீர்க் குழாயும் கிடையாது. அதன் எடையில் முக்கால் பங்கு வரை தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பவை அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறுகளும், அவற்றைச் சுற்றி வலைபோல் பின்னியிருக்கும் இரண்டாம் வகைக் கொலாஜன் இழைகளும். செல்கள் மிகக் குறைவு: கன அளவில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்து பங்குக்குள்தான். ஒவ்வொரு செல்லும் தன் சிறு குழிக்குள் தனித்தே இருக்கிறது. அடிபட்ட இடத்துக்கு நகர்ந்து போகவும் அதனால் இயலாது. கை கால் எலும்பு முறிந்தால் நம் ஊர்க்காரர்கள் பலர் இன்றும் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். எளிய முறிவுகளில் அப்படியும் எலும்பு கூடிவிடுவதற்குக் காரணம், எலும்பில் ரத்த ஓட்டம் உண்டு என்பதே. உறைந்த ரத்தமே அங்கே புது எலும்புக்கு அடித்தளமாகிறது. குருத்தெலும்புக்கு அந்த வாய்ப்பு இல்லை. புண்பட்ட குருத்தெலும்பு மறுபடி சீரடைவதில்லை என்பதை லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர் 1743ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். ஏறத்தாழ 280 ஆண்டுகளாக மருத்துவ உலகம் அந்தக் கூற்றைப் பொய்யாக்க முயன்றுகொண்டிருக்கிறது.

இந்த முயற்சியில் மைக்ரோ ஆர்.என்.ஏ. எங்கே வருகிறது என்று பார்ப்போம். நிலப் பத்திரத்தின் பதிவு சார்பதிவாளர் அலுவலகத்திலேயே இருக்கும். வேலைக்கு வெளியே போவது அதன் நகல்தான். செல்லின் கருவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. அந்தப் பதிவு; அதிலிருந்து எடுக்கப்படும் நகல் தூது ஆர்.என்.ஏ. அந்த நகலைப் படித்துத்தான் செல் புரதத்தைச் செய்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது ஏறத்தாழ 22 எழுத்துகளே கொண்ட ஒரு துணுக்கு. அது எந்தப் புரதத்தையும் செய்யாது; தனக்குப் பொருந்தும் தூது நகலின் வால் பகுதியில் ஒட்டிக்கொண்டு, அந்த நகல் படிக்கப்படாமல் தடுக்கும், அல்லது அது விரைவில் அழியும்படி செய்யும். 1993ஆம் ஆண்டு விக்டர் அம்ப்ரோஸ், கேரி ருவ்குன் என்ற அமெரிக்க அறிவியலாளர்கள் இருவரும் ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள உருளைப்புழு ஒன்றில் இதைக் கண்டார்கள். அது அந்தப் புழுவுக்கு மட்டுமே உரிய விநோதம் என்று பலர் நினைத்தார்கள். மனிதன் உட்பட விலங்குகள் பலவற்றில் அதே போன்ற இன்னொரு துணுக்கு இருப்பது 2000ஆம் ஆண்டில் தெரிந்த பிறகே உலகம் விழித்துக்கொண்டது.

இங்கே கவனிக்க வேண்டிய இயல்பு ஒன்று உண்டு. நகலோடு பொருந்துவதற்கு இந்தத் துணுக்கின் ஏழெட்டு எழுத்துகள் போதும். ஆகவே ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான வெவ்வேறு நகல்களை ஒரே நேரத்தில் அடக்கி வைக்க முடியும். ஒரு நோயில் பத்துப் புரதங்கள் சேர்ந்து கெடுதல் செய்கின்றன என்றால், அந்தப் பத்தையும் ஒரே துணுக்கால் தணிக்கலாம் என்பது இதன் பெரும் கவர்ச்சி. நமக்குத் தேவையான வேறு நூறு புரதங்களும் அதோடு சேர்ந்து தணியக்கூடும் என்பது இதன் பெரும் ஆபத்து.

குருத்தெலும்பைப் பொறுத்தவரை மிக நன்றாக ஆராயப்பட்டது மைக்ரோ ஆர்.என்.ஏ.-140. உடலின் பிற இடங்களைவிடக் குருத்தெலும்புச் செல்களில்தான் இது மிகுதியாகக் காணப்படுகிறது. தேய்மானம் வந்த மூட்டிலோ இதன் அளவு குறைந்துவிடுகிறது. குறைந்ததால் தேய்மானமா, தேய்மானத்தால் குறைவா என்ற கேள்விக்கு 2010இல் வெளியான ஒரு சுண்டெலி ஆய்வு விடை தந்தது. இந்த ஒரு துணுக்கை மட்டும் நீக்கிப் பிறக்கச் செய்த எலிகளின் மூட்டுகள் இளம் வயதிலேயே தேய்ந்தன. குருத்தெலும்பில் இதை மிகுதியாகச் சுரக்கச் செய்த எலிகளின் மூட்டுகளோ, வேண்டுமென்றே உண்டாக்கிய மூட்டு வாதத்தையும் தாங்கி நின்றன. அக்ரிகனை வெட்டி அழிக்கும் ஆடம்டிஎஸ்-5 என்ற நொதியின் நகலை இந்தத் துணுக்கு அடக்கி வைக்கிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. மனிதரிலும் சான்று உண்டு: மைக்ரோ ஆர்.என்.ஏ.-140இல் ஒரே ஓர் எழுத்து மாறியதால் எலும்புக்கூட்டின் வளர்ச்சியே கோணலாகிப் போனதை 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்கியதில்லை. 22 எழுத்துகளில் ஓர் எழுத்து!

நன்மை செய்வது குறைந்துவிட்டால் அதைப் போன்ற செயற்கைத் துணுக்கைச் செய்து கொடுக்கலாம். தீமை செய்வது மிகுந்துவிட்டால் அதன்மீது சரியாகப் பொருந்தி அதை முடக்கும் எதிர்த் துணுக்கைக் கொடுக்கலாம். ஆய்வுகள் இந்த இரண்டு வழிகளிலும் நடக்கின்றன. மைக்ரோ ஆர்.என்.ஏ.-34ஏ என்பதும் 181ஏ என்பதும் தேய்ந்த மூட்டில் மிகுந்து காணப்படுபவை. இவற்றை முடக்கும் எதிர்த் துணுக்குகளை எலிகளின் முழங்காலுக்குள் ஊசியாகச் செலுத்தியபோது குருத்தெலும்பின் அழிவு குறைந்ததை 2019இலும் 2021இலும் வெளியான ஆய்வுகள் பதிவு செய்தன. அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளுக்குக் கடிவாளம் போடும் 146ஏ, கொலாஜனை அறுக்கும் எம்.எம்.பி.-13 நொதியை அடக்கும் 27பி என்று வேறு பலவும் உண்டு. பட்டியலை நீட்டுவதில் உங்களுக்குப் பயனில்லை.

ஆனால் 34ஏ பற்றி இன்னும் ஒரு செய்தியைச் சொல்லியே ஆக வேண்டும். மூட்டில் மிகுந்தால் கெடுதல் செய்யும் இதே துணுக்கு, செல்கள் கட்டுமீறிப் பெருகுவதைத் தடுப்பதால் புற்றுநோய்க்கு மருந்தாகக் கருதப்பட்டது. எம்.ஆர்.எக்ஸ்.-34 என்ற பெயரில் அதன் செயற்கை வடிவத்தை நோயாளிகளின் ரத்தத்தில் ஏற்றிப் பார்க்கும் முதற்கட்டச் சோதனை 2013இல் அமெரிக்காவில் தொடங்கியது. உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் எதிர்பாராத வகையில் சீறி எழுந்து, நான்கு நோயாளிகள் இறந்தார்கள். 2016இல் சோதனை நிறுத்தப்பட்டது. புற்றுநோய்க்கு ஏற்ற வேண்டிய துணுக்கு வேறு, மூட்டுக்கு முடக்க வேண்டிய துணுக்கு வேறு என்று பிரிக்கவே முடியாது, இரண்டும் ஒன்றே. இந்த மருத்துவத்தில் எந்தத் துணுக்கை, எந்த உறுப்பில், எவ்வளவு என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் ஊசியைக் கையில் எடுக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

இனி உங்கள் தம்பியின் நிலைக்கு மிகவும் நெருக்கமான ஒரு வேறுபாட்டுக்கு வருகிறேன். மேலே சொன்ன எலி ஆய்வுகளில் பெரும்பாலானவை தேய்மானத்தை மெதுவாக்குவது பற்றியவை. ஏற்கெனவே இருக்கும் குருத்தெலும்பை அழியாமல் காப்பது ஒரு வேலை. 2 சதுர சென்டிமீட்டருக்குப் பெயர்ந்து வெறும் எலும்பு தெரிகிற இடத்தில் புதிதாக ஒன்றை நிரப்புவது முற்றிலும் வேறொரு வேலை. கரை அரிக்காமல் காப்பதற்கும், பாலாற்றில் அள்ளிப் போன மணலைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. நொதியை அடக்கும் துணுக்கை வெறும் எலும்பின் மேல் விட்டால், அடக்குவதற்கு அங்கே நொதி சுரக்கும் செல்லே இல்லை. அங்கே முதலில் செல்கள் வர வேண்டும். வந்தவை எலும்பாகவோ தழும்பாகவோ மாறாமல் குருத்தெலும்பாக மாற வேண்டும். மாறியவை பல ஆண்டுகள் அப்படியே நிலைக்க வேண்டும்.

இந்த இரண்டாம் வேலைக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. உதவக்கூடும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று, நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டது. எலும்பு மஜ்ஜைச் செல்கள் குருத்தெலும்பாக மாறுவதைத் தடுத்து நிற்பது மைக்ரோ ஆர்.என்.ஏ.-221 என்று அவர்கள் முன்பே கண்டிருந்தார்கள். அதை முடக்கும் எதிர்த் துணுக்கை ஜெல் போன்ற ஒரு கூழ்மத்தில் கலந்து, எலும்பும் குருத்தெலும்புமாக வெட்டியெடுத்த துண்டில் உண்டாக்கிய பள்ளத்தில் நிரப்பி, அந்தத் துண்டை எலியின் தோலுக்கடியில் வைத்தார்கள். வெளியிலிருந்து செல் எதையும் சேர்க்காமலேயே, உள்ளூர்ச் செல்கள் பள்ளத்துக்குள் வந்து, துணுக்கு இல்லாத கூழ்மத்தைவிட நல்ல குருத்தெலும்பை உருவாக்கின. விளையாட்டில் அடிபட்ட இளைஞர்களுக்கு என்றாவது இந்த மருத்துவம் வருமானால், அது மூட்டுக்குள் போடும் வெறும் ஊசியாக வராது. அறுவையின்போதே பள்ளத்தில் வைக்கப்படும் கூழ்மமாக, இன்றுள்ள அறுவை முறைகளுக்குத் துணையாகவே வரும் என்பது என் கணிப்பு. தோலுக்கடியில் இருந்த அந்தத் துண்டு ஓடவில்லை, குதிக்கவில்லை, உடல் எடையைத் தாங்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்த தடை, மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இதை எனக்குப் புரியவைத்தது பாடப்புத்தகம் அல்ல, ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்த என் தந்தை. குரோமில் பதனிடும் தோல்களை டிரம்மில் சுழலவிட்டுப் பல மணி நேரம் கழித்து ஒரு தோலை வெளியே இழுப்பார். கழுத்துப் பக்கம், தோல் மிகவும் கனமாக இருக்கும் இடத்தில், கத்தியால் ஒரு சிறு துண்டு வெட்டி, வெட்டுவாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். மேலும் கீழும் நீலமாக இருந்து நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால், "இன்னும் உள்ளே இறங்கலை" என்று மறுபடி டிரம்மில் போடச் சொல்வார். நீலம் நடுவரை ஒரே சீராக இருந்தால்தான் துண்டைக் கொதிநீரில் இட்டு, சுருங்குகிறதா என்று பார்ப்பார். மேற்பரப்பின் நிறத்தைப் பார்த்து அவர் ஒருநாளும் முடிவு செய்ததில்லை.

தோலும் கொலாஜன் பின்னல்தான், குருத்தெலும்பும் கொலாஜன் பின்னல்தான். ஆனால் குருத்தெலும்பின் பின்னல் மிக நெருக்கமானது. அதோடு அதில் நிறைந்திருக்கும் அக்ரிகன் முழுவதும் எதிர்மின் தன்மை கொண்டது. ஆர்.என்.ஏ.வும் எதிர்மின் தன்மை கொண்டதே. ஆகவே வெறும் துணுக்கை மூட்டுக்குள் செலுத்தினால் குருத்தெலும்பு அதை விலக்கித் தள்ளுகிறது. மூட்டு நீரில் உள்ள நொதிகள் அதை வெட்டுகின்றன. மிஞ்சியதும் சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் மூட்டைவிட்டு வெளியேறிவிடுகிறது. இதற்காகத்தான் துணுக்கின் முதுகெலும்பை வேதிமுறையில் மாற்றி நொதிகளுக்கு அகப்படாமல் செய்கிறார்கள். நேர்மின் தன்மை கொண்ட நுண்துகள்களில் ஏற்றி, குருத்தெலும்பே அதை உள்ளே ஈர்க்கும்படி செய்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018இல் வேறொரு மருந்தை இவ்வகைத் துகளில் ஏற்றியபோது, மனிதக் குருத்தெலும்பின் தடிமனுள்ள மாட்டுக் குருத்தெலும்பை அது இரண்டு நாளில் ஊடுருவியது. எலியின் மூட்டில் 30 நாள்வரை தங்கியது. வழி திறக்கிறது என்பதற்கு இது நல்ல அறிகுறி.

எலி ஆய்வுகளைப் படிக்கும்போது தடிமனை எப்போதும் நினைவில் கொள்ளுங்கள். சுண்டெலியின் முழங்கால் குருத்தெலும்பு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவே இருக்கும். உங்கள் தம்பிக்கு இருப்பது அதைப்போல் ஐம்பது மடங்கு கனம். எலியின் குருத்தெலும்பில் நடுவரை இறங்கிய மருந்து மனிதக் குருத்தெலும்பில் மேற்பரப்பைத் தடவியதாகவே முடியலாம். என் தந்தையின் கத்தி வெட்டிக் காட்டிய அந்த வெள்ளைக் கோடு, மூட்டுக்குள் ஊசி போடுகிறவர் எவர் கண்ணுக்கும் தெரியாது.

இப்போது அந்தக் கிளினிக் சொல்லும் எக்ஸோசோமுக்கு வருவோம். செல்கள் தம்மிடமிருந்து வெளியே அனுப்பும் மிகச் சிறு பைகள் இவை. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு. இவற்றுக்குள் மைக்ரோ ஆர்.என்.ஏ. இருப்பது உண்மை. மூட்டுச் சவ்விலிருந்து எடுத்த தண்டணுக்களில் (ஸ்டெம் செல்) மைக்ரோ ஆர்.என்.ஏ.-140 மிகுதியாக உண்டாகும்படி செய்து, அவற்றின் எக்ஸோசோமை எலிகளில் பரிசோதித்து நல்ல பலன் கண்டதாக 2017இல் ஓர் ஆய்வு வந்ததும் உண்மை. ஆனால் 2014இல் வேறொரு குழு பொறுமையாக எண்ணிப் பார்த்தது: மிகுதியாகக் கிடைக்கும் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக்கூட ஒரே ஒரு பிரதியாவது காண, சராசரியாக நூறு எக்ஸோசோமுக்கு மேல் தேட வேண்டியிருந்தது. ஆகவே குப்பியின் மேல் "மைக்ரோ ஆர்.என்.ஏ. உள்ளது" என்று எழுதியிருப்பதற்கும், தேவையான துணுக்கு தேவையான அளவில் அதில் இருப்பதற்கும் இடையே வெகுதூரம் உண்டு. எக்ஸோசோம் ஊசிகளால் சிலருக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்டதை அடுத்து, இவ்வகைப் பொருள் எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019 டிசம்பரில் பொதுமக்களுக்கே எச்சரிக்கை வெளியிட்டது.

குப்பிக்குள் இருப்பது என்ன என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்பதற்குத் தென்கொரியாவில் நடந்ததைச் சொல்கிறேன். இன்வோசா என்ற மரபணு சிகிச்சை ஊசி முழங்கால் தேய்மானத்துக்காக அங்கே 2017இல் அனுமதி பெற்றது. அதில் இருப்பவை குருத்தெலும்புச் செல்கள் என்று அனுமதிப் பத்திரத்தில் இருந்தது. பிறகு பரிசோதித்தபோது, மரபணு மாற்றப்பட்ட செல்கள் உண்மையில் சிறுநீரகத்திலிருந்து வந்த ஆய்வகச் செல்கள் என்று தெரிந்தது; 2019இல் அனுமதி ரத்தானது. அரசின் முழுப் பரிசீலனையையும் கடந்து வந்த மருந்திலேயே இப்படி நேர முடியுமென்றால், எந்தப் பரிசீலனைக்கும் உட்படாத குப்பியை நம்பி 24 வயதுப் பையனின் மூட்டைக் கொடுப்பது எப்படி?

முறையான வழி எப்படி இருக்கும் என்பதை அறிய நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோயுள்ளவர்களுக்கு முழங்காலுக்குள்ளேயே ரத்தம் கசிந்து கசிந்து குருத்தெலும்பு அரித்துப்போகும். இளம் வயதிலேயே நடை கெட்டுப்போன அப்படிப்பட்ட பையன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நோய்க்கான மரபணு சிகிச்சை ஒன்றின் முடிவுகளை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் அதன் வளாகத்தில் இயங்கும் தண்டணு ஆய்வு மையமும் 2024 டிசம்பரில் வெளியிட்டன. சிகிச்சை பெற்றவர்கள் 5 பேர் மட்டுமே. அந்த ஐந்து பேருக்கும் ரத்தக்கசிவு நின்றது. அந்த 5 பேரை அடைவதற்குப் பின்னால் பல ஆண்டு ஆய்வக உழைப்பும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், அரசின் அனுமதியும் இருந்தன. மைக்ரோ ஆர்.என்.ஏ. மருத்துவமும் அந்த வழியில்தான் வர வேண்டும். நம் நாட்டில் மனிதர் மீது நடக்கும் மருந்துச் சோதனை ஒவ்வொன்றும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவாக வேண்டும். அந்தப் பதிவேட்டை இணையத்தில் எவரும் பார்க்கலாம். சோதனை மருந்துக்காக நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. சோதனையால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் மருத்துவமும் இழப்பீடும் தர வேண்டும். கிளினிக்கில் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண்ணும் இல்லை, பணமும் கேட்கிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

காத்திருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எத்தனை ஆண்டில் வரும் என்று யாரேனும் உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். வருவதாக இருந்தாலும், அதற்காக இன்றைய மருத்துவத்தைத் தள்ளிப்போடுவது பெரிய தவறு. பெயர்ந்த பள்ளத்தின் விளிம்பு ஒவ்வொரு அடியிலும் உரசி உரசி அகலமாகும். எதிரே உள்ள நல்ல குருத்தெலும்பும் கெடும். பள்ளம் சிறிதாக இருந்தால் அடியிலுள்ள எலும்பில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் இடைவெளியில் துளையிட்டு மஜ்ஜை ரத்தம் ஊறச் செய்யும் முறை உண்டு. அதில் வளர்வது தோலிலும் தழும்பிலும் இருக்கும் முதல் வகைக் கொலாஜன் மிகுந்த நார்க் குருத்தெலும்பு. சில ஆண்டுகள் நன்றாக இருந்து பிறகு தளரக்கூடும். எடை அதிகம் தாங்காத பகுதியிலிருந்து எலும்போடு சேர்த்துச் சிறு உருளைகளாக எடுத்துப் பள்ளத்தில் பதிக்கும் முறையும் உண்டு. நோயாளியின் குருத்தெலும்புச் செல்களையே எடுத்து, ஆய்வகத்தில் சில வாரம் பெருக்கி, இரண்டாவது அறுவையில் வைக்கும் முறையை ஸ்வீடன் மருத்துவர்கள் 1994இல் அறிமுகப்படுத்தினார்கள். அது பெரிய பள்ளங்களுக்கு ஏற்றது, இந்தியாவிலும் செய்யப்படுகிறது. 2 சதுர சென்டிமீட்டர் என்பது இந்த முறைகளுக்கு இடையிலான எல்லைக்கோட்டில் இருக்கும் அளவு. முன் சிலுவைத் தசைநாரும் அறுந்திருக்கிறதா, கால் உள்பக்கம் வளைந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் எந்த முறை என்று முடிவு செய்வார்கள். எந்த முறையாக இருந்தாலும் சில வாரங்கள் ஊன்றுகோல், பல மாதம் தொடைத் தசைக்கான பயிற்சி, களத்துக்குத் திரும்ப ஏறத்தாழ ஓராண்டு என்று மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள். ஆட்டுக்கால் சூப்பு குடித்தால் தவறில்லை. அது வயிற்றில் செரித்துப் புரதமாகும், முட்டிக்கு நேராகப் போகாது.

ஒன்றை மட்டும் நாளையே செய்யுங்கள். அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோகாமல், ஸ்கேன் படங்கள் உள்ள சி.டி.யையும் எடுத்துக்கொண்டு மூட்டு அறுவை வல்லுநர் ஒருவரைப் பாருங்கள். நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள்; அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம். அவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "பெயர்ந்த துண்டு எங்கே இருக்கிறது, அதில் எலும்பு ஒட்டியிருக்கிறதா?" என்பது. அடிபட்டு இரண்டு வாரம்தான் ஆகிறது. துண்டு முழுதாக இருந்து, அதன் அடியில் கொஞ்சம் எலும்பும் ஒட்டியிருந்தால், அதை எடுத்த இடத்திலேயே பொருத்திச் சிறு திருகாணியால் நிறுத்த வாய்ப்பு உண்டு. இயற்கை தந்த அந்தக் குருத்தெலும்புக்கு ஈடாக இன்றைய எந்த முறையாலும் செய்து தர முடியாது. நாள் ஆக ஆக அந்தத் துண்டு மூட்டு நீரில் ஊறி, உருண்டு, விளிம்பு மழுங்கி, பள்ளத்தில் பொருந்தாமல் போய்விடும். மூன்று தவணை ஊசிக்காகக் காத்திருந்தால் இழக்கப்போவது அந்த வாய்ப்பைத்தான். அதுவரை தம்பியைக் காலை முழுதாக ஊன்றி நடக்கவிடாதீர்கள். முட்டி திடீரென்று பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.